ஸ்ட்ராபெரிச் செடிக்கு மாப்பிள்ளை பார்த்த பையன்



சென்ற பள்ளி விடுமுறையில் நம் மாணவர்களைக் கேமரன் மலைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, ஸ்ட்ராபெரித் தோட்டம் ஒன்றுக்கும் போனோம். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. இலைக்கு அடியில் சிவப்புச் சிவப்பாகத் தொங்கிய பழங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

பஸ் மலையை விட்டு இறங்கும்போது நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் வீட்டு லயத்துக்குப் பின்னால் ஒரு பப்பாளி மரம் நிற்கிறதாம். பூவாகக் கொட்டுகிறதாம், ஒரு காய் கூடப் பிடிப்பதில்லையாம். அப்பா அதை வெட்டிப் போடலாம் என்கிறாராம். இந்த ஸ்ட்ராபெரியிலும் அந்த மாதிரி காய்க்காத செடி உண்டா என்று என்னைக் கேட்டாள்.

உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பதில் தெரியவில்லை. பயிற்சிக் கல்லூரியில் படித்து வாங்கிய சான்றிதழ் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. பார்த்துச் சொல்கிறேன் அம்மா என்று சமாளித்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வியப்பு. நம் மாணவி பஸ்ஸில் கேட்ட அதே கேள்வியை 250 ஆண்டுகளுக்கு முன் பிரான்ஸ் நாட்டில் ஒரு பையன் கேட்டிருக்கிறான். கேட்டதோடு விடாமல் பதிலையும் கண்டுபிடித்திருக்கிறான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது கூட நிரம்பவில்லை. அந்தப் பையனின் வரலாற்றைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கடல் கடந்து வந்த ஐந்து செடிகள்

பையனின் கதைக்கு முன்னால் செடியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஐரோப்பாவில் பழங்காலந்தொட்டே ஸ்ட்ராபெரி உண்டு. ஆனால் அது காட்டு ஸ்ட்ராபெரி. நல்ல மணம், நல்ல இனிப்பு. அளவு மட்டும் நம் சுண்டுவிரல் நுனி அளவுதான். பிறகு 1600-களில் வட அமெரிக்காவின் வர்ஜீனியாப் பகுதியிலிருந்து இன்னொரு வகை வந்து சேர்ந்தது. அது நல்ல சிவப்பு நிறம், காட்டுப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

1712-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு அமேதே பிரான்சுவா ஃபிரெஸியே என்ற பொறியாளரைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பியது. வணிகர் போல நடித்துக்கொண்டு, சிலி, பெரு நாடுகளில் ஸ்பானியர் கட்டியிருந்த கோட்டைகளை வேவு பார்த்து வரைபடம் எழுதி வருவதே அவருக்கு இட்ட கட்டளை. போன காரியத்தைச் செய்தார். அங்கே கொன்செப்சியோன் என்ற ஊர்ப்பக்கம் ஒரு வகை ஸ்ட்ராபெரியையும் பார்த்தார். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாப்புச்சே மக்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்தனர். பழம் வாதுமைக் கொட்டை அளவு. சில பழங்கள் கோழிமுட்டை அளவு. இவ்வளவு பெரிய பழத்தை ஐரோப்பாவில் எவரும் கண்டதில்லை.

பெயர்ப் பொருத்தத்தையும் பாருங்கள். பிரெஞ்சு மொழியில் ஸ்ட்ராபெரிக்கு ஃபிரேஸ் என்று பெயர். ஃபிரெஸியேயின் குடும்பப் பெயரும் அதிலிருந்து பிறந்தது என்பார்கள்.

ஃபிரெஸியே சில செடிகளை வேரோடு எடுத்துக் கப்பலில் ஏற்றினார். திரும்பும் பயணம் ஆறு மாதம். கப்பலில் குடிக்கும் தண்ணீருக்கே பஞ்சம். அந்த நிலையிலும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினார்கள். 1714 ஆகஸ்டு மாதம் மார்செய் துறைமுகத்தில் இறங்கும்போது ஐந்து செடிகள் உயிரோடு இருந்தன. தண்ணீர் கொடுத்து உதவிய சரக்கு அதிகாரிக்கு நன்றியாக இரண்டைக் கொடுத்தார். ஒன்றைத் தம் மேலதிகாரிக்குக் கொடுத்தார். ஒன்றைப் பாரிஸில் மன்னரின் தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய அந்துவான் த ஜூசியூ என்ற அறிஞரிடம் ஒப்படைத்தார். மிச்சம் ஒன்றைத் தமக்கென்று வைத்துக்கொண்டார்.

ஐந்து செடிகளும் நன்றாகத் தழைத்தன. ஓடுதண்டு விட்டுப் பரவின. தோட்டம் தோட்டமாகக் கைமாறின. பூத்தன. ஆனால் காய்க்கவில்லை!

கோழிமுட்டை அளவு பழத்தை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்கில் எரு போட்டுத் தண்ணீர் ஊற்றியவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும்? மண் சரியில்லை என்றார்கள் சிலர். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் சிலர். வெறும் இலைக்குத்தான் இது லாயக்கு என்று பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு.

அரண்மனைப் பக்கத்தில் ஒரு சிறுவன்

1747-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், வெர்சாய் நகரில் அந்துவான் நிக்கோலா துஷேன் பிறந்தான். அவன் தந்தை மன்னரின் கட்டடங்களை மேற்பார்வை பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தவர். வழிவழியாக அந்தக் குடும்பத்துக்கு வந்த வேலை அது.

அரண்மனையை ஒட்டி வளர்ந்த பையன் வேட்டை, விருந்து என்று பொழுதைப் போக்கியிருக்கலாம். இவன் மனம் செடிகொடிகளின் பக்கம் போனது. அப்போது ஆண்ட பதினைந்தாம் லூயி மன்னருக்கும் தாவரங்களில் ஆர்வம் உண்டு. வெர்சாயில் திரியானோன் என்ற இடத்தில் ஒரு பெரிய தாவரத் தோட்டம் அமைத்து, பெர்னார் த ஜூசியூ என்ற அறிஞரிடம் அதை வகைப்படுத்தும் பொறுப்பைக் கொடுத்திருந்தார். இந்த பெர்னார் வேறு யாருமல்லர். ஃபிரெஸியேயிடம் ஒரு செடியைப் பெற்றுக்கொண்டாரே அந்துவான் த ஜூசியூ, அவருடைய தம்பி. அண்ணன் கைக்கு வந்த செடியின் புதிரை, தம்பியிடம் பாடம் கேட்ட மாணவன் அவிழ்க்கப் போகிறான்.

பெர்னார் த ஜூசியூ அதிகம் எழுதாதவர். செடிக்கு முன்னால் மாணவனை நிறுத்திப் பார்க்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்தவர். நல்ல ஆசிரியர் அமைந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரிதான்.

சிறுவன் துஷேன் தன் வீட்டில் ஸ்ட்ராபெரி விதை போட்டு வளர்த்தான். 1760-களின் தொடக்கத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்ட்ராபெரி இலை எப்போதும் மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். அவன் போட்ட காட்டு ஸ்ட்ராபெரி விதையிலிருந்து முளைத்த ஒரு செடியில் மட்டும் இலை மூன்றாகப் பிரியாமல் ஒற்றையாகவே இருந்தது. வேறு ஒருவர் என்றால் ஏதோ சொத்தைச் செடி என்று கிள்ளி எறிந்திருப்பார். துஷேன் அதைத் தனியாக வளர்த்தான். அதன் விதையைப் போட்டுப் பார்த்தான். அதிலும் ஒற்றை இலைச் செடிகளே வந்தன. ஒரு குலத்தில் புதிய வகை ஒன்று நம் கண்ணெதிரே தோன்ற முடியும், தோன்றிய பின் அது நிலைத்து நிற்கவும் முடியும் என்று அந்தச் சிறு வயதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் உலகத் தாவரங்களுக்கெல்லாம் பெயர் சூட்டிக்கொண்டிருந்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். அப்பேர்ப்பட்ட அறிஞரோடு இந்தப் பையன் கடிதத் தொடர்பு வைத்திருந்தான். தயக்கம் இல்லை, பயம் இல்லை. கேள்வி கேட்கிறவனுக்கு வயது ஒரு தடையா என்ன?

பூவுக்குள் பார்த்த கண்

இப்போது சிலி நாட்டுச் செடிக்கு வருவோம். பெரியவர்கள் எல்லாரும் மண்ணைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். துஷேன் பூவைப் பார்த்தான்.

மாணவர்களே, நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்ததுதான். பூவின் நடுவில் பெண் உறுப்பு இருக்கும். அதைச் சுற்றிலும் மகரந்தப் பொடி சுமக்கும் ஆண் உறுப்புகள் இருக்கும். பொடி பெண் உறுப்பில் சேர்ந்தால்தான் விதை உண்டாகும். ஸ்ட்ராபெரியின் வெளிப்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அந்த ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதை இருக்கிறது. அவை கருக்கொண்டால்தான் நடுவில் உள்ள சதை பருத்துச் சிவக்கும். கருக்கொள்ளாத பூ அப்படியே வாடிப் போகும்.

காட்டு ஸ்ட்ராபெரியின் பூவில் ஆண், பெண் இரண்டு உறுப்புகளும் சேர்ந்தே இருக்கும். ஆகவே எல்லா ஸ்ட்ராபெரிக்கும் அப்படித்தான் என்று அறிஞர்களே எண்ணியிருந்தார்கள். துஷேன் சிலிச் செடியின் பூவைக் கூர்ந்து பார்த்தபோது, ஆண் உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வளர்ச்சியற்ற சிறு குச்சிகளே இருந்தன. அவற்றில் பொடி இல்லை. மணமுள்ள இன்னொரு வகை ஸ்ட்ராபெரியும் ஐரோப்பாவில் உண்டு. அதில் சில செடிகள் ஆணாகவும் சில பெண்ணாகவும் தனித்தனியே இருப்பதையும் அவன் கண்டுகொண்டான். காய்க்கவில்லை என்று தோட்டக்காரர்கள் வெறுத்தவை ஆண் செடிகள். நம் ஆண் பப்பாளியின் கதையேதான்!

அப்படியானால் சிலியிலிருந்து வந்த செடிகளின் குறை என்ன? அவை மலடு அல்ல. எல்லாமே பெண் செடிகள்! ஊரெல்லாம் மணமகள்கள், மாப்பிள்ளை ஒருவர் கூட இல்லை.

இது எப்படி நடந்தது என்று யோசித்தால் பாவம், ஃபிரெஸியே மீது கோபம் வராது. அவர் நல்ல பெரிய பழம் தொங்கும் செடிகளாகத் தேடி எடுத்திருக்கிறார். பழம் தொங்குவது பெண் செடியில்தானே? காய்க்காத ஆண் செடியை எவர் கடல் கடந்து சுமப்பார்? ஆக, நல்லதைத் தேர்ந்தெடுத்ததே வினையாகிவிட்டது. அதன் பிறகு ஓடுதண்டில் வந்த கன்றுகள் எல்லாம் தாயின் அச்சு. நாம் ஒட்டுக்கட்டி வளர்க்கும் ரப்பர்க் கன்று தாய் மரத்தின் குணத்தை அப்படியே கொண்டிருக்கிறதல்லவா, அது போலத்தான். தாய் பெண் என்றால் ஆயிரம் கன்றும் பெண்தான்.

மன்னர் முன் ஒரு பூந்தொட்டி

காரணத்தை வாயால் சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும். துஷேன் சிலி நாட்டுச் செடி ஒன்றைத் தொட்டியில் வளர்த்தான். முன்பு சொன்னேனே மணமுள்ள வகை, அதன் ஆண் பூவின் மகரந்தம் அதில் சேரும்படி செய்தான். சில நாளில் பூக்கள் உதிரவில்லை. காம்பு கனத்தது. பிஞ்சு பருத்தது. எல்லாரும் கைவிட்ட செடியில் பெரிய பெரிய பழங்கள் தொங்கின.

1764-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் அந்தத் தொட்டியைப் பதினைந்தாம் லூயி மன்னரின் முன் கொண்டுபோய் வைத்தான். மன்னர் மகிழ்ந்தார். அந்தச் செடியைப் படமாக வரைந்து அரச சேகரிப்பில் வைக்கும்படி பணித்தார். ஐரோப்பாவில் எங்கெங்கே எந்தெந்த ஸ்ட்ராபெரி இருக்கிறதோ அத்தனையையும் சேகரித்துத் திரியானோன் தோட்டத்தில் வளர்க்கவும் அனுமதி தந்தார். பையனுக்குக் கிடைத்தது பொற்காசு அல்ல, மேலும் படிக்க ஒரு தோட்டம். இதைவிடப் பெரிய பரிசு உண்டா?

நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நினைவு வரும். செம்பனையிலும் ஆண் பூங்குலை வேறு, பெண் பூங்குலை வேறு. ஒரு காலத்தில் நம் தாய்மார்கள் மகரந்தப் பொடியைக் கையில் எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பெண் பூங்குலை மேல் ஊதிவிடும் வேலை செய்தார்கள். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து நம் நாட்டுச் செம்பனைக் காடுகளில் விட்டார்கள். அதன் பிறகு அந்த வேலையை வண்டே செய்கிறது. மன்னரின் மாளிகையில் துஷேன் செய்து காட்டியதும், வெயிலில் நின்று நம் பாட்டிமார் செய்ததும் ஒரே அறிவியல்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் நாம் பெருமைப்படலாம்.

அன்னாசி மணம் வீசிய ஸ்ட்ராபெரி

துஷேன் இரண்டு ஆண்டுகள் சேகரித்தான், வளர்த்தான், ஒன்றோடொன்று ஒப்பிட்டான். 1766-இல் ஸ்ட்ராபெரிகளின் இயற்கை வரலாறு என்ற நூலை வெளியிட்டான். பத்தொன்பது வயதுக்குள் ஒரு நூல்! இனிமேல் அவன் என்று சொல்வது முறையல்ல. அவர் என்றே சொல்வோம்.

அந்த நூலில் இரண்டு செய்திகள் முக்கியமானவை.

முதலாவது, அக்காலத்தில் ஐரோப்பியத் தோட்டங்களில் ஒரு புது ஸ்ட்ராபெரி தலைகாட்டியிருந்தது. பெரிய பழம், நல்ல சிவப்பு, அன்னாசிப்பழ மணம். ஆகவே அன்னாசி ஸ்ட்ராபெரி என்று அழைத்தார்கள். எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. துஷேன் அதன் இலை, பூ, காய் எல்லாவற்றையும் ஆராய்ந்து, அது சிலி நாட்டுச் செடிக்கும் வர்ஜீனியாச் செடிக்கும் பிறந்த கலப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். யோசித்துப் பாருங்கள். தென் அமெரிக்கத் தாய், வட அமெரிக்கத் தந்தை. சொந்த மண்ணில் வெகு தூரத்தில் வாழ்ந்த இரண்டும் ஐரோப்பியத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நின்றன. தேனீயே தரகர் வேலை பார்த்துக் கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டது! பிரான்ஸின் மேற்குக் கரையில் பிரெஸ்ட் நகரப் பக்கத்து விவசாயிகளும் சிலிச் செடிகளுக்கு இடையே வேறு வகைகளை நட்டு நல்ல விளைச்சல் எடுத்து வந்தார்கள். அவர்கள் அனுபவத்தில் செய்ததற்குக் காரணம் சொன்னவர் துஷேன்.

இரண்டாவது, ஸ்ட்ராபெரி வகைகளுக்கு அவர் ஒரு வம்சாவளிப் படம் வரைந்தார். எந்த வகையிலிருந்து எந்த வகை கிளைத்தது என்று நம் குடும்பத்துக்குப் பாட்டன், தந்தை, மகன் என்று எழுதுவது போலச் செடிகளுக்கு எழுதினார். உயிர்கள் மாறி மாறி வருகின்றன என்று டார்வின் நூல் எழுதியது 1859-இல். அதற்கு 93 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இளைஞர் சிறு செடியை வைத்துக்கொண்டு இந்தச் சிந்தனையின் வாசற்படியில் நின்றிருக்கிறார்.

இன்னொரு பொருத்தத்தையும் இருபதாம் நூற்றாண்டு அறிஞர்கள் கண்டறிந்து சொன்னார்கள். உயிரணுவுக்குள் குரோமோசோம் என்ற நுண்ணிய இழைகள் உண்டு. காட்டு ஸ்ட்ராபெரிக்கு அவை 14. மணமுள்ள வகைக்கு 42. சிலிக்கும் வர்ஜீனியாவுக்கும் 56, 56. மன்னருக்குக் காட்டிய தொட்டியில் 56-ஐயும் 42-ஐயும் சேர்த்தார் துஷேன். பழம் பருத்தது, ஆனால் அப்படிப்பட்ட சேர்க்கையில் வம்சம் நன்றாகத் தழைப்பதில்லை. 56-உம் 56-உம் சேர்ந்ததால்தான் அன்னாசி ஸ்ட்ராபெரி வம்சம் செழித்து உலகெங்கும் பரவியது. பொருத்தம் பார்ப்பது செடிக்கும் உண்டு போலிருக்கிறது!

பதவி போனது, பணி போகவில்லை

துஷேன் ஸ்ட்ராபெரியோடு நிற்கவில்லை. அடுத்துப் பரங்கிக்காய், பூசணி வகைகளை எடுத்துக்கொண்டார். கையால் மகரந்தம் சேர்த்து, எது எதோடு சேரும், எது சேராது என்று ஆண்டுக்கணக்கில் சோதித்தார். காய்களை வண்ணப் படங்களாகத் தீட்டினார். 1786-இல் அந்த ஆராய்ச்சியையும் வெளியிட்டார்.

பிள்ளைகளையும் அவர் மறக்கவில்லை. 1780-களில் லெப்லோன் என்ற நண்பரோடு சேர்ந்து சிறுவர்களுக்கென்று விலங்குகள், செடிகள் முதலியவற்றின் படங்களும் விளக்கமும் கொண்ட தொகுப்பைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். தாம் சிறுவனாக இருந்தபோது ஜூசியூ தமக்குக் காட்டியதை அடுத்த தலைமுறைக்குக் காட்ட நினைத்தார் போலும்.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. மன்னராட்சி ஒழிந்தது. அரண்மனை உத்தியோகம் என்ற ஒன்றே இல்லாமற் போனது. வழிவழியாக வந்த குடும்பப் பதவியும் அதோடு போயிற்று. ஆனால் பதவியைப் பறிக்கலாம், படித்ததைப் பறிக்க முடியுமா? துஷேன் வெர்சாய் நகரில் இயற்கை வரலாறு கற்பிக்கும் ஆசிரியரானார். மன்னர் முன் நின்றவர் கரும்பலகை முன் நின்றார். ஆசிரியர் தொழிலில் இருக்கும் எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1827 பிப்ரவரியில், எழுபத்தொன்பதாம் வயதில் அவர் காலமானார்.

அவர் நூலின் அருமையை அன்றைய உலகம் சரியாக உணரவில்லை. செடியில் ஆண், பெண் என்று அவர் எழுதி வைத்ததைப் படிக்காத தோட்டக்காரர்கள் பிறகும் நீண்ட காலம் தட்டுத்தடுமாறினார்கள். இங்கிலாந்தில், இலண்டனுக்கு மேற்கே ஐல்வொர்த் என்ற இடத்தில் மைக்கேல் கீன்ஸ் என்ற காய்கனி விவசாயி இருந்தார். மணமுள்ள வகையில் ஆண் செடிகளை ஒதுக்கிவிட்டுப் பெண் செடிகளை மட்டும் வளர்த்துப் பெரும் நட்டம் கண்டார். பிறகு அவருக்குச் சந்தேகம் தட்டியது. சில ஆண் பூக்களை ஒரு போத்தலில் போட்டுப் பெண் செடிகளின் நடுவே வைத்தார். போத்தலுக்கு அருகே இருந்த பூக்கள் முதலில் பிஞ்சு பிடித்துப் பருத்தன! துஷேன் நூல் வந்து ஐம்பது ஆண்டு கழித்து அதே பாடத்தை ஒருவர் நட்டப்பட்டுப் படிக்க வேண்டியிருந்தது. எழுதியதைப் படிக்காததன் விலை அது.

அந்தக் கீன்ஸ் பிறகு சும்மா இருக்கவில்லை. விதை போட்டுப் போட்டு நல்லதைத் தேர்ந்தெடுத்து, 1821-இல் உலகப் புகழ்பெற்ற ஒரு புது வகையை வெளியிட்டார். அதே காலத்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற அறிஞரும் 1817 முதல் ஸ்ட்ராபெரி வகைகளைத் திட்டமிட்டுக் கலந்தார். கலப்பினப் பயிர் உருவாக்கும் கலை இப்படி வளர்ந்தது.

இன்றும் முறை அதுதான். தாயாகத் தேர்ந்தெடுத்த செடியின் பூ மலருமுன் அதன் ஆண் உறுப்புகளைக் கத்தரித்துவிடுவார்கள். வேறு மகரந்தம் படாமல் பூவை உறைபோட்டு மூடுவார்கள். தந்தைச் செடியின் பொடியைத் தூரிகையால் எடுத்து வந்து தடவுவார்கள். கிடைத்த விதைகளை முளைக்க வைத்து, ஆயிரக்கணக்கான கன்றுகளை வளர்த்துப் பார்ப்பார்கள். ஒன்று இனிக்கும், நோய் தாங்காது. ஒன்று நோய் தாங்கும், பழம் மெத்தென்று இருந்து சந்தை போவதற்குள் நசுங்கும். எல்லாக் குணமும் ஒத்துவரும் ஒன்றிரண்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஓடுதண்டு மூலம் பெருக்குவார்கள். அதற்குப் பல ஆண்டு பொறுமை வேண்டும். டூரா என்ற தாயும் பிசிஃபெரா என்ற தந்தையும் சேர்ந்து பிறந்த செம்பனைக் கன்றைத்தானே நம் தோட்டங்களில் நடுகிறோம்? அதுவும் இந்த வழியில் வந்த பிள்ளைதான்.

நாம் கேமரன் மலையில் பெட்டியில் வாங்கித் தின்ற பழமும் அந்த அன்னாசி ஸ்ட்ராபெரியின் வம்சமே. பழைய செடிகளின் காய்க்காத குறை போய், இன்றைய செடியின் பூவில் ஆண், பெண் இரண்டும் சேர்ந்தே இருக்கும்படி தேர்ந்தெடுத்து வளர்த்துவிட்டார்கள். அதன் அறிவியற் பெயருக்குப் பின்னால் துஷேன் பெயர் எழுதப்படுகிறது. இன்னொன்றும் சொல்கிறேன். நம் லயத்து வேலியில் படர்ந்து கிடக்கும் பரங்கிக்காயின் அறிவியற் பெயருக்குப் பின்னாலும் அவர் பெயர்தான். கறிக்கு நறுக்கும்போது ஒரு நிமிடம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பெற்றோர்களே, இன்று பரிசளிப்பு விழா. தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களுக்கும், ஓட்டப்பந்தயத்தில் வென்றவர்களுக்கும், முழு ஆண்டும் தவறாமல் வந்தவர்களுக்கும் மேடையில் பரிசு உண்டு. நல்லதுதான், கைதட்டுவோம். ஆனால் நல்ல கேள்வி கேட்டதற்கு நம் பட்டியலில் பரிசு இல்லை. பஸ்ஸில் என்னைக் கேட்ட மாணவியின் பெயரும் இன்றைய பட்டியலில் இல்லை. இது என் மனத்தை உறுத்துகிறது. அதனால்தான் இக்கட்டுரையை எழுதினேன்.

நாள் முழுக்க வெளிக்காட்டு வேலை செய்து களைத்து வருகிறீர்கள். வந்த உடனே பிள்ளை அது ஏன், இது ஏன் என்று கேட்டால் எரிச்சல் வரும், எனக்குத் தெரியும். நானும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். சும்மா இரு என்று ஓர் அதட்டல் போட்டால் பிள்ளை அடங்கிவிடும். அதோடு கேள்வியும் அடங்கிவிடும். பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், தப்பில்லை. வாத்தியாரைக் கேள் என்று அனுப்புங்கள். வாத்தியாருக்கும் தெரியாவிட்டால் அவர் தேடிப் படிக்கட்டும். நான் படித்தேனே!

துஷேன் அரண்மனைப் பிள்ளை, வசதி இருந்தது, நமக்கு எங்கே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சிலி நாட்டுச் செடியை அத்தனை பெரிய பழமாக வளர்த்து வைத்தவர்கள் மண்ணில் உழைத்த மக்கள். பிரெஸ்ட் பகுதியில் காய்க்க வைத்தவர்கள் விவசாயிகள். நட்டப்பட்டுப் பாடம் படித்த கீன்ஸும் மண்வெட்டி பிடித்தவர். செடியைப் பற்றி அறிய வேண்டுமானால் செடிக்குப் பக்கத்தில் வாழ வேண்டும். அந்த வசதி நம் பிள்ளைகளுக்கு நிறையவே இருக்கிறது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். முளையை மிதிக்காமல் இருப்பது நம் கடமை.

மாணவியின் கேள்விக்குப் பதிலைச் சொல்லி முடிக்கிறேன். ஆம் அம்மா, ஸ்ட்ராபெரியிலும் அப்படிப்பட்ட செடிகள் இருந்தன. உன் வீட்டுப் பின்னால் நிற்பது ஆண் பப்பாளி. அது காய்க்காது. ஆனால் அதன் மகரந்தம் பக்கத்து லயத்துப் பெண் மரத்துக்கு வேண்டியிருக்கலாம்.

இந்தப் பதிலை நான் அவளிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. அவள் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். சென்ற வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். மரம் இன்னும் நிற்கிறது.